ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

"பிறந்த திகதி?"

"ஜனவரி ஒன்று."

காலை ஒன்பது மணி இரண்டு நிமிடம். முதல் வாக்காளர் மஞ்சள் தொப்பி போட்ட உயரமான மனிதர். அவருடைய பெயரைக் கோப்பில் தேடி எடுக்க ஆறு நிமிடம் ஆயிற்று. புது வேலை, கை பழக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஒரு பெண். அவளும் ஜனவரி ஒன்று. என்ன பொருத்தம் என்று புன்னகைத்தேன். மூன்றாவது ஆளும் அப்படியே சொன்னபோது, மூவரும் ஒரே குடும்பமாக இருக்கலாம், ஒரே பிரசவமாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொன்னேன். நான்காவதாக வந்தவருக்கு எழுபது வயதிருக்கும். நான் வாய் திறக்கும் முன்பே ஒற்றை விரலை உயர்த்திக் காட்டி, "ஜனவரி" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். வரிசை மண்டபக் கதவைத் தாண்டிப் படியிறங்கி, தெருவில் நகைக்கடை வாசல்வரை போயிருந்தது. என் முன்னால் ஜனவரிக் கோப்பு தலையணை மாதிரிக் கிடந்தது. பக்கத்து மேசைகளில் மற்ற மாதங்கள் அப்பளம் மாதிரி இருந்தன.

ஒரு நாடு தன் முதல் அரசியலமைப்புக்கு வாக்களிக்க லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வந்திருக்கிறது, நான் அதை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முப்பத்தோராம் பக்கம்

எந்த நாடு என்று எழுத மாட்டேன். வாக்குச்சாவடியில் வேலை செய்ய நான் கையெழுத்திட்ட தாளில், அங்கே அறிந்த விவரங்களை வெளியிடமாட்டேன் என்று ஒரு வரி உண்டு. நாட்டின் பெயரும் அதில் அடங்குமா என்று தெளிவாக இல்லை. தெளிவில்லாததை நான் எழுதுவதில்லை. ஆபிரிக்காவில், சுதந்திரம் கிடைத்து ஓராண்டு ஆன ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவள் ரெபெக்கா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். பஸ் சாரதி. நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவளுடைய ஆங்கிலம் இழுத்து இழுத்து, எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு மாதிரியே வரும். அதனால் நாட்குறிப்பில் அவள் பேச்சை எப்போதும் எங்கள் ஊர்த் தமிழில் எழுதுவேன். இங்கே அவளுடைய நாட்டுக்காரர் எல்லோருடைய பேச்சையும் அப்படியே எழுதுகிறேன்.

அரசியலமைப்பு வரைவு நீல அட்டை போட்ட சின்னப் புத்தகமாக வந்திருந்தது. பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும் ஏழெட்டு நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அவள் அதை இரண்டு தரம் வாசித்து முடித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் கோடு போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். பிள்ளைக்குத் தாய் வழியாகவும் குடியுரிமை வரும் என்றது அந்த வரி.

"இப்ப இருக்கிற சட்டத்திலை தகப்பன் வழி மட்டும்தான்," என்றாள். அவளுடைய மகள் லண்டனில் பிறந்தவள். தகப்பன் வேறு நாட்டுக்காரன். இப்போது எங்கே இருக்கிறான் என்று இருவருக்கும் தெரியாது. "இது நிறைவேறாட்டி, என்ரை பிள்ளை என்ரை நாட்டுக்கு வீசா எடுத்துத்தான் வரவேணும். டூரிஸ்ட் மாதிரி. யோசிச்சுப் பார், சாந்தினி. என்னட்ட இருந்து வந்த பிள்ளை, எனக்குப் பின்னாலை வேறை லைனிலை நிக்கிறதோ?"

பிறகு நேரே விஷயத்துக்கு வந்தாள். "நீ கவுன்சிலிலை வாக்காளர் பதிவுப் பக்கம்தானே வேலை? எங்கட ஆக்கள் இதுக்கு முதல் வாக்குச்சாவடி நடத்தினதில்லை. வந்து நடத்தித் தா."

நான் இருபத்தாறு ஆண்டுகளாக அந்த வேலையில் இருக்கிறேன். ஒருவரும் என்னிடம் ஒரு நாட்டை நடத்தித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. அன்று என் நாட்குறிப்பில் மூன்று ஆச்சரியக்குறிகள் இருக்கின்றன. நான் ஆச்சரியக்குறி போடுகிறவள் அல்ல.

பெயரை நம்பாதவள்

பிழை எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களின் பெயரை இந்த நாட்டுப் படிவங்களில் நிரப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா? கல்யாணம் செய்தால் யாருடைய பெயர் வால்? ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு குடும்பப் பெயர் இருந்தால் இது என்ன விடுதியா என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் வாக்காளர் பட்டியலில் நானே இரண்டு ஆளாக இருந்தேன். அப்பாவின் பெயரை முன்னால் வைத்து ஒருத்தி, பின்னால் வைத்து இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் தனித்தனியே அட்டை வந்தது. என் கணவர் ஒரு மாதம் முழுவதும், "இண்டைக்கு எந்தச் சாந்தினி சமையல்?" என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்.

அதிலிருந்து நான் பெயரை நம்புவதை விட்டுவிட்டேன். பிறந்த திகதிதான் நம்பிக்கையானது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் அலுவலகத்தில் தமிழர், சோமாலியர், வங்காளிகள் என்று யாருடைய விவரத்தையும் நான் திகதியைப் பிடித்துத்தான் தேடுவேன். ஒருபோதும் தவறியதில்லை.

அந்த நாட்டுத் தேர்தல் ஆணைக்குழுவின் லண்டன் பிரதிநிதி யோசுவா என்பவர். பெரிய உருவம், எதற்கும் சிரிப்பு. அவரிடம் என் திட்டத்தைக் கோடு போட்ட தாளில் எழுதிக் கொடுத்தேன். பட்டியலைப் பிறந்த மாதப்படி பன்னிரண்டு கோப்பாகப் பிரிக்க வேண்டும், மாதத்துக்குள் நாள்படி அடுக்க வேண்டும். மூன்று மேசை, மேசைக்கு நான்கு மாதம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. கணினியோ தொலைபேசியோ மண்டபத்துக்குள் வரக்கூடாது என்பது ஆணைக்குழுவின் விதி, ஆகவே எல்லாம் காகிதத்தில்.

ஒரே நாளில் பிறந்தவர்களை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று நான் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? ஒரே நாளில் இரண்டு மூன்று பேர்தானே பிறந்திருப்பார்கள்!

யோசுவா தாளை வாசித்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று பின்னர் கேட்டேன். "நீங்கள் அவ்வளவு உறுதியா நிண்டனீங்கள், அம்மா. இதுதான் லண்டன் முறையாக்கும் எண்டு நினைச்சன்," என்றார்.

அவர் அச்சடித்துக் கட்டிய கோப்புகள் அன்று காலை எட்டே காலுக்குத்தான் வந்தன. ஜனவரி பருமனாக இருந்ததைக் கண்டேன். தடித்த காகிதத்தில் அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். போரும் ஓட்டமுமாக இருந்த நாட்டில் பிறந்த நாளைக் குறித்துவைக்க ஒருவரும் இருக்கவில்லை. அகதி முகாமில் மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் வயதை உத்தேசமாகக் கேட்டு ஆண்டைப் போட்டார். நாளுக்கும் மாதத்துக்கும் இருந்த கட்டங்களில் ஒன்று, ஒன்று என்று எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு தலைமுறையே ஜனவரி முதலாம் திகதி பிறந்துவிட்டது.

தங்க நிறத்தில் ஒரு ஒன்று

பத்தரை மணிக்கு ஜனவரிக் கோப்பை மூன்றாகப் பிரித்து மூன்று மேசைக்கும் கொடுத்தேன். நிலைமை இன்னும் மோசமாயிற்று. முதல் மேசையில் பெயர் இல்லை என்றால் இரண்டாவதற்கு, அங்கும் இல்லை என்றால் மூன்றாவதற்கு என்று மக்கள் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரே பெயரில் பதினோரு பேர் இருந்தார்கள். பதினோரு பேரும் ஜனவரி ஒன்று.

நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். வாக்காளர்களோ ஊர்வலத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். வரிசையில் யாரோ பாடத் தொடங்க, நகைக்கடை வாசலில் நின்றவர்கள்வரை அது போய்த் திரும்பி வந்தது. வாக்களித்து முடித்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. விரலில் ஊதா மையோடு திரும்பவும் வரிசையின் கடைசிக்குப் போய்க் கதைத்துக்கொண்டு நின்றார்கள். வாக்களிக்கும் மறைப்புக்குள் இருந்து வெளியே வந்த ஒரு கிழவி இரண்டு கையையும் தூக்கி, "ஆம் எண்டு போட்டிட்டன்!" என்று கத்தினாள். இரகசிய வாக்கு, சொல்லக்கூடாது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அடுத்து வந்தவர், "நான் இல்லை எண்டு போட்டனான்!" என்று கத்தினார். அவருக்கும் கைதட்டினார்கள். அவர் தலை குனிந்து வணங்கினார்.

இதற்குள் தவம் அண்ணை வந்தார்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, மண்டப அலங்காரத் தொழில் செய்கிறார். மாலை ஆறு மணிக்கு ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள் விழா பதிவாகியிருந்தது. அதற்காக ஆள் உயரத்துக்குத் தங்க நிற பலூன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பலூன், '1' என்ற எண் வடிவத்தில் இருந்தது.

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பிறகு கூரை பறந்த மாதிரி ஒரு சத்தம். "ஜனவரி ஒன்று!"

தவம் அண்ணை பயந்துபோனார். "தங்கச்சி, நான் என்ன செய்தனான்? ஏன் இவையள் எனக்குக் கை தருகினம்?"

விளக்கினேன். நாட்டுக்கும் ஒரு வயது என்பதையும் சொன்னேன். அவர் பலூனை வாக்குப்பெட்டிக்கு இரண்டடி பின்னால் கட்டிவிட்டார். அரசியல் சின்னம் எதையும் வாக்குச்சாவடியில் வைக்கக்கூடாது. எண் சின்னமா என்று கைநூலைப் புரட்டினேன். அதைப் பற்றி ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேன்.

நாற்பது நிமிடம்

ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ரெபெக்கா வந்தாள். சாரதி உடை, கழுத்தில் அட்டை. காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரைவரை அவளுக்கு வேலை. இடையில் இருப்பது நாற்பது நிமிடச் சாப்பாட்டு நேரம் மட்டுமே. ஒன்று ஐம்பதுக்கு அவள் ஹை ஸ்ட்ரீட் தரிப்பில் நின்று பஸ்ஸைப் பொறுப்பெடுக்க வேண்டும். வாக்குச்சாவடி ஐந்து மணிக்கு மூடிவிடும். இந்த நாற்பது நிமிடத்தை விட்டால் அவளுக்கு வாக்கு இல்லை.

அவள் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். நான் எண்ணினேன். அவளுக்கு முன்னால் எழுபத்து மூன்று பேர். ஆளுக்கு நான்கு நிமிடம். இந்தக் கணக்கை இரண்டாம் முறை போட எனக்குத் துணிவில்லை.

வெளியே ஓடினேன். "நீ முன்னாலை வா. நான் சொல்லிக்கொள்ளுறன்."

"ஏலாது," என்றாள். "இந்த ஐயா நாலு மணித்தியாலம் கோச் பஸ்ஸிலை இருந்து வந்தவர். அவருக்கு முன்னாலை போறதுக்கு நான் ஆர்?"

"உன்ரை முப்பத்தோராம் பக்கம்?"

"அவருக்கும் ஒரு பக்கம் இருக்கும்தானே." சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை.

திரும்பி வந்து ஒரு கதிரையில் இருந்தேன். ஏணியில் நின்று 'ஹாப்பி பர்த்டே' பதாகை கட்டிக்கொண்டிருந்த தவம் அண்ணை கீழே பார்த்தார்.

"என்ன தங்கச்சி, முகம் கறுத்துப்போச்சு?"

"நான் இதைக் குழப்பிப்போட்டன், அண்ணை. பேர் தேடி முடியேல்லை."

"நீங்கள் ஏன் தேடுறியள்?" என்றார். "எங்கட ஓ.எல். சோதினை ரிசல்ட் வரேக்கை ஆர் தேடினது? பள்ளிக்கூடச் சுவரிலை ஒட்டிவிட்டவங்கள். நாங்களே போய்த் தேடினனாங்கள். தன்ரை பேரைத் தேட மனிசனுக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை."

"உங்களுக்கு உடனே கிடைச்சதோ, அண்ணை?"

"மூண்டு தரம் தேடினனான். என்ரை நம்பர் இல்லை. அது வேறை கதை. இந்தாங்கோ டேப்."

என்னிடம் ஜனவரிக் கோப்பின் இரண்டாவது பிரதி இருந்தது! யோசுவாவைப் பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கட ஊரிலை பட்டியலை மரத்திலை கட்டித் தூக்குவினம், அம்மா. சுவர் இன்னும் நல்லம்."

முப்பத்தெட்டுத் தாள்கள். ஒவ்வொன்றிலும், மேசையில் இருந்த பிரதியிலும், சிவப்புப் பேனாவால் ஒரே பக்க எண் போட்டேன். தவம் அண்ணையும் அவருடைய அலங்காரப் பெண்கள் இருவரும் பலூன் ஒட்டும் டேப்பால் அவற்றைச் சுவர் நீளத்துக்கு ஒட்டினார்கள். மண்டபக் கதவைத் திறந்துவிட்டோம். வரிசை உடைந்து சுவரில் மோதியது.

உண்மையில் ரிசல்ட் நாள்தான். விரலை வைத்து வாசிக்கிறார்கள், கத்துகிறார்கள், கட்டிப்பிடிக்கிறார்கள். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு அலங்காரப் பெண்கள் வாசித்துக் கொடுத்தார்கள். அவர்கள் அந்தப் பெயர்களை உச்சரித்த விதத்துக்கு ஒவ்வொரு தடவையும் கைதட்டல். பெயர் ஒன்றாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் தாயின் பெயர் இருந்தது. அந்தக் கட்டத்தைக் காலை முழுவதும் நான் பார்க்கவே இல்லை. எங்கள் அலுவலகப் பட்டியலில் அப்படி ஒன்று கிடையாது. பதினோரு பேரும் பதினோரு தாய்மாரைக் கொண்டு பிரிந்துபோனார்கள். "பதினேழாம் பக்கம், ஒன்பதாம் வரி!" என்று மேசைக்கு வந்து சொன்னார்கள். ஆளுக்கு இருபது விநாடி.

தவம் அண்ணை ஏணியில் இருந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட நாட்டிலையும் எத்தினை தரம் அரசியலமைப்பு மாத்தினவங்கள், தங்கச்சி. ஒருக்காலாவது வந்து, 'தவம், இது உமக்கு ஓகேயோ' எண்டு கேட்டவங்களோ?" என்றார். பிறகு இன்னொரு துண்டு டேப் கிழித்துக் கொடுத்தார்.

இல்லாத பெயர்

ஒன்று முப்பத்தைந்துக்கு ரெபெக்கா என் முன்னால் வந்து நின்றாள்.

"சாந்தினி, நான் சுவரிலை இல்லை."

"வடிவாப் பார்த்தனியோ?"

"முதலாம் பக்கத்திலை இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ரெண்டு தரம். ரெபெக்கா ஆறு பேர் இருக்கினம். ஒருத்தியும் நான் இல்லை."

நானும் பார்த்தேன். ஆறு ரெபெக்கா. ஒருத்திக்கும் அவளுடைய தாயின் பெயர் இல்லை. எங்களைச் சுற்றி ஆட்கள் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் பஸ் சாரதிகளின் கையுறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதியேக்கை என்ன திகதி குடுத்தனீ?" என்று கேட்டேன்.

"ஜனவரி…" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். கையுறையால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டாள். "ஐயோ! செப்டெம்பர் பன்னிரண்டு!"

அவளுடைய தாய் அவளை ஒரு மிஷன் மருத்துவமனையில் பெற்றெடுத்தவர். தாதி திகதியைச் சொல்லியிருக்கிறார். தாய் அதை மறக்கவில்லை. ஆனால் முகாமில் கேட்ட எழுத்தருக்குத் தாய் சொல்லி முடிக்கும்வரை பொறுமை இல்லை. இருபத்தைந்து வருடமாக எல்லாத் தாளிலும் ஜனவரி ஒன்று. தன் சொந்த நாடு முதல்முறை கேட்டபோதுதான் உண்மைத் திகதியை எழுதியிருக்கிறாள். எழுதிவிட்டு, பழக்கத்தில் மறந்தும் போய்விட்டாள்.

மூன்றாம் மேசையில் செப்டெம்பர் தொடக்கம் டிசம்பர்வரை வைத்திருந்த பெண் காலையிலிருந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். கழுத்துத் துண்டில் பாதி முடிந்திருந்தது. அப்பளக் கோப்பைத் திறந்தாள். பத்து விநாடியில் பெயர் கிடைத்தது. ரெபெக்கா வந்தவுடனேயே அங்கே போயிருந்தால், வாக்குப் போட்டுச் சாப்பிட்டும் முடித்திருக்கலாம்.

சாரதி உரிமத்தை நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். உரிமத்தில் ஜனவரி ஒன்று. பட்டியலில் செப்டெம்பர் பன்னிரண்டு.

"பொருந்தவில்லை," என்றது என் வாய். நான் சொல்ல நினைக்கவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம் தானாகச் சொல்லிவிட்டது. ஒன்று நாற்பது.

அவள் உரிமத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். சண்டை பிடித்திருந்தால்கூடச் சுகமாக இருந்திருக்கும்.

யோசுவா என் தோளுக்கு மேலால் குனிந்தார். "அம்மா, கைநூல். பன்னிரண்டாம் விதியை ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். பிறந்த திகதி பொருந்தாவிட்டால், படத்தையும் தாயின் பெயரையும் ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ளலாம். அந்த விதிக்கு அடியில் நானே ஒரு வாரத்துக்கு முன் பென்சிலால் 'தேவைப்படாது' என்று குறிப்பு எழுதியிருந்தேன்.

"தாயின் பெயர்?" என்று கேட்டேன்.

"மார்த்தா," என்றாள். தேவைக்கு மேல் சத்தமாக. மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொருந்துகிறது," என்றேன்.

ஒன்று நாற்பத்து நான்குக்கு அவளுடைய சீட்டு பெட்டிக்குள் விழுந்தது. மையில் விரலைத் தோய்த்தாள். காலையில் நானே என் சுண்டுவிரலில் சோதித்து, காய நாற்பது விநாடி எடுக்கும் என்று குறித்துவைத்திருந்தேன். அவள் நாற்பது விநாடி நிற்கவில்லை. விரலை விசிறிக்கொண்டு ஓடினாள். வாசலில் நின்று திரும்பி, "முப்பத்தோராம் பக்கம்!" என்று கத்தினாள். இரகசிய வாக்கு என்று நான் சொல்லவில்லை.

இப்போது ஏறிய அம்மா

ஐந்து மணிக்கு மூடினோம். வரிசையில் ஒருவரும் மிச்சமில்லை. பெட்டியை முத்திரையிட்டு யோசுவாவிடம் கையெழுத்து வாங்கினேன். சுவரிலிருந்து தாள்களை உரித்தபோது தவம் அண்ணை, "டேப்பை விடுங்கோ தங்கச்சி, அதுக்கு மேலை பலூன் ஒட்டலாம்," என்றார். சில வாரம் கழித்து முடிவு வந்தது. அரசியலமைப்பு நிறைவேறியது. மகளுக்கான படிவத்தை ரெபெக்கா என் சமையலறை மேசையில்தான் நிரப்பினாள். தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு நேர்கோடு போட்டுவிட்டு, தாயின் பெயர்க் கட்டத்தை நிறைத்து எழுதினாள்.

வாக்களிப்பு நடந்த அன்று மாலை ஆறு மணிக்குத் தரிப்பில் நின்றேன். வந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். ஸ்டியரிங்கில் ஊதா விரல். ஏறும்போது என் ஊதாச் சுண்டுவிரலைக் காட்டினேன். அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"பயணிகள் கவனத்துக்கு. இப்ப ஏறின அம்மாவுக்கு இண்டைக்குப் பிறந்தநாள். ஜனவரி ஒண்டு."

வெளியே இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. ஜனவரிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது. என் பிறந்தநாள் ஜூனில் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கீழ்த்தளம் பாடத் தொடங்கிவிட்டது. மேல்தளத்திலிருந்து ஒருவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு அவரும் பாடினார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து வணங்கினேன், 'இல்லை' போட்ட அந்த மனிதர் மாதிரியே.

வீட்டுக்கு வந்து, மேலங்கியைக் கழற்ற முதலே நாட்குறிப்பை எடுத்தேன். முப்பத்தொரு வருடமாக எழுதுகிறேன். எல்லாப் பக்கத்திலும் முதலில் திகதி, பிறகு வானிலை, பிறகுதான் மற்றது. அந்தப் பக்கத்தில் ஊதா மை பட்ட விரல் தடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், திகதி எழுதும் இடத்தில், என் கையெழுத்தில் தெளிவாக, 'ஜனவரி 1' என்று இருக்கிறது.

பிழைதான். திருத்தவில்லை.